காதுக்கு ஒரு மாநாடு, கையிலே ஒரு குழந்தை!

"அம்மா, ரெண்டு நாள் உனக்கு லீவு கிடைக்குமா?"

மகள் போனில் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக நான் பார்க்கும் உத்தியோகத்தில் லீவு என்று ஒன்று உண்டா என்ன? காஸ் அடுப்பிடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் அது கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுமா?

"எதுக்குக் கண்ணு?" என்றேன்.

"மதுரையிலே எங்க டாக்டர்கள் மாநாடு. நான் கட்டுரை வாசிக்கணும். பாப்பாவைப் பார்த்துக்க ஆள் வேணும். உன்னை விட்டா வேற யாருகிட்டேயும் அவ இருக்க மாட்டேங்கிறா."

என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சையில் எம்.எஸ். மேல்படிப்பு மூன்றாம் வருஷம் படிக்கிறாள். படிக்கிறாள் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். காலையில் வார்டு, பிறகு ஆபரேஷன் தியேட்டர், வாரத்தில் சில நாள் ராத்திரி டியூட்டி, நேரம் கிடைத்தால் புத்தகம். இதற்கு நடுவில் ஏழு மாதக் கைக்குழந்தை. மாப்பிள்ளை பெங்களூரில் பாங்கில் வேலை. மாநாடு நடக்கும் நாட்களில்தான் அவருக்கு ஆடிட்!

மாநாடு என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மேடை, மாலை, பொன்னாடை, அப்புறம் சாப்பாடு. டாக்டர்கள் மாநாடு என்றால் சாப்பாடு கொஞ்சம் உசத்தியாக இருக்கும், கூட ஒரு பையும் கொடுப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

சம்பந்தியம்மாவும் போன் செய்தார்கள். "நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? ஏழு மாசக் குழந்தைக்குப் பிரயாணமும் கூட்டமும் ஒத்துக்குமா? பரீட்சைன்னா சரி. மாநாடுதானே? அடுத்த வருஷம் போனா என்ன குறைஞ்சு போயிடும்?"

அவர்கள் கெட்ட மனசில் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நானும் மனசுக்குள் ஆமாம் போட்டேன். மகளிடமும் லேசாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அடுத்த வருஷம் நான் ஸ்டூடண்ட் இல்லையேம்மா! மாநாட்டிலே கட்டுரை வாசிக்கிறதும் எங்க படிப்பிலே சேர்த்திதான். கைக்குழந்தைக்காரின்னு பரீட்சையிலே யாரும் எனக்கு அஞ்சு மார்க் கூடப் போட மாட்டாங்க" என்றாள்.

என் கணவர் தன் பங்குக்கு, "கொரோனா வந்த 2020, 2021-ல் எல்லாக் கூட்டமும் கம்ப்யூட்டரிலேயே நடந்ததே. அப்படி வீட்டிலிருந்தே பேசக் கூடாதா?" என்று கேட்டார்.

"பேசலாம்ப்பா. ஆனா கைவேலையைத் திரையிலே பார்த்துக் கத்துக்க முடியுமா? அம்மா போனிலேயே சொல்லிச் சொல்லி நான் பரோட்டா போட்டேனே, அதைச் சாப்பிட்டது நீங்கதானே?" என்றாளே பார்க்கணும்! அதோடு அவர் வாயைத் திறக்கவில்லை.

ஆட்டுத்தலை ரகசியம்

கைவேலை என்று அவள் சொன்னதும் ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. முதல் வருஷம் லீவுக்கு வந்தவள், ஊருக்குக் கிளம்புமுன் கறிக்கடைக்குப் போய் இரண்டு ஆட்டுத்தலை வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர், "தலைக்கறிக்கா பாப்பா? வாட்டி, வெட்டிக் கொடுக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம் அண்ணே. மூக்கும் காதும் அப்படியே முழுசா இருக்கணும்" என்றாள்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. மனிதர் மூக்குக்குள் குழாய் விடுமுன், காதின் சவ்வுக்கு ஒட்டுப் போடுமுன், இந்தப் பிள்ளைகள் ஆட்டுத்தலையில் கை பழகுகிறார்கள். ஓரளவு நம் அமைப்பு மாதிரியே இருக்குமாம். எடுத்தவுடன் நம் பிள்ளைகள் மேல் கத்தி வைப்பதில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி!

'உடன் வந்தவர்'

மதுரையில் பெரிய ஓட்டல் ஒன்றில் மாநாடு. வாசலிலேயே பெயரைக் கேட்டுக் கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். மகளுக்கு ஒரு நிறம், பெரிய டாக்டர்களுக்கு இன்னொரு நிறம். எனக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் 'உடன் வந்தவர்' என்று போட்டிருந்தது. அதற்கும் தனியாகப் பணம் கட்டியிருந்தாள்! 'எத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு உடன் வந்துகொண்டிருக்கிறேன், இப்போதுதான் அட்டை கொடுத்தார்கள்' என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போனால், அடேயப்பா! எங்கே பார்த்தாலும் இளம் பிள்ளைகள். அதில் பெண்கள் எத்தனை பேர்! சேலை கட்டியவர்கள், சுடிதார் போட்டவர்கள், தலை நிறைய மல்லிகைப்பூ வைத்தவர்கள். எல்லோரும் ஒரு மூலையில் நின்று தங்கள் கட்டுரையைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தாவது பரீட்சை ஹால் வாசல் தோற்றது!

குழந்தைக்குப் பால் கொடுக்க இடம் தேடினால் தனி அறை எதுவும் இல்லை. கழிவறை ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் பக்கம் வந்த வயதான டாக்டரம்மா ஒருவர் பார்த்துவிட்டு, மேடையில் பேசுகிறவர்கள் உட்காரும் அறையையே திறந்துவிட்டார். "எங்க காலத்திலே இப்படிக் கேக்கவே பயப்படுவோம். நீ கேட்டதே நல்லதும்மா" என்றார். அரைமணி நேரத்தில் இன்னொரு கைக்குழந்தைக்காரியும் அங்கே வந்து சேர்ந்தாள். பிறகென்ன, அந்த அறை எங்கள் குட்டித் தாய்சேய் நல விடுதி ஆகிவிட்டது!

இந்த மாதிரி கூட்டங்கள் பல தினுசாம். ஊர் அளவில் டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் சின்னக் கூட்டம் ஒன்று. மாநில அளவில் ஒன்று, அகில இந்திய அளவில் ஒன்று. மாணவர்களுக்கென்றே நடக்கும் பயிற்சி முகாமும் உண்டு. அதில் நிஜப் பரீட்சை போலவே நோயாளியைப் பரிசோதித்துச் சொல்லவேண்டும், எலும்பைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள், கருவியைக் காட்டி எதற்கென்று கேட்பார்கள். வெளியூர் பேராசிரியர்கள் திட்டுகிற திட்டில் நிஜப் பரீட்சை லேசாகத் தெரியுமாம்.

அரிசியில் பாதி

முதல் நாள் மகளுக்கு எலும்புப் பயிற்சி. காதுக்குப் பின்னால் தடவினால் குமிழ் மாதிரி தட்டுப்படுமே, அந்த எலும்பு. ஆளுக்கு ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்னத் துளைக்கருவி. ஒரு கையால் துளைத்து, இன்னொரு கையால் தண்ணீரையும் தூளையும் உறிஞ்சி எடுக்கவேண்டும். கண் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரக் கூடாது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். குனிந்தது குனிந்தபடி மூன்று மணி நேரம்!

ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு அவள் விவரம் சொன்னாள். நம் உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு காதுக்குள்தான் இருக்கிறது. குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடி மாதிரி இருப்பதால் அங்கவடி எலும்பு என்று பெயர். நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். பொன்னி அரிசி ஒன்றைப் பாதியாக உடைத்தால் எவ்வளவோ அவ்வளவு! அதற்கு உள்ளே நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுச் சுற்றிய உறுப்பு ஒன்று. நாம் கேட்பதெல்லாம் அதன் புண்ணியம். குழந்தை பிறக்கும்போதே அது முழு வளர்ச்சி அடைந்துவிடுகிறதாம். நம் பாப்பா காதில் இருப்பதும் தாத்தா காதில் இருப்பதும் அளவில் ஒன்றுதான்!

"இந்த நத்தைக்கும் அங்கவடிக்கும் பக்கத்திலேயே முகத்து நரம்பு ஓடுதும்மா. டிரில் ஒரு நூல் தப்பினா ஆளோட வாய் கோணிடும், கண்ணை மூட முடியாது. அதனாலேதான் எலும்பிலே பழகிப் பழகிக் கை தானா நிக்கணும்" என்றாள்.

அதைச் சொல்லும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். சின்ன வயசில் கோலப்புள்ளி வைக்கும்போது கை நடுங்குகிறது என்று அழுத அதே விரல்கள்.

பாட்டு வாத்தியார் கண்ட தொண்டை

இரண்டாம் நாள் காலை பெரிய ஹாலில் ஒரு பேராசிரியர் பேசினார். குழந்தை தோளில் தூங்கிவிட்டதால் கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்தேன். ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசியதால் முக்கால்வாசி எனக்குப் புரிந்தது.

உயிரோடு இருக்கும் மனிதரின் குரல்நாண் அசைவதை நன்றாகப் பார்த்து உலகுக்குச் சொன்னவர் டாக்டரே இல்லையாம். மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார்! 1854-ல் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் வைத்து, வெயிலைப் பிடித்து, இன்னொரு கண்ணாடியில் தன் குரல்நாணைத் தானே பார்த்துவிட்டார். மறு வருஷம் லண்டனில் ராயல் சொசைட்டிக்கு அதைக் கட்டுரையாகக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தொண்டை வைத்தியம் வேகமாக வளர்ந்தது. 1880-ல் இத்தாலியில் மிலான் நகரில் உலகத் தொண்டை டாக்டர்கள் முதல் தடவையாக மாநாடு கூடினார்கள். 1905-ல் கார்சியாவுக்கு நூறு வயது நிறைந்த அன்று லண்டனில் டாக்டர்கள் கூடி விழா எடுத்தார்கள். மன்னர் ஏழாம் எட்வர்டே அவரை அழைத்து விருது கொடுத்தாராம். 'டாக்டர் படிப்பு படிக்காதவர் பார்த்ததும் பார்த்ததுதான்' என்று அவர்கள் ஒத்துக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்துச் சொன்னது நம் போன்றவர்களுக்கு இன்னும் முக்கியம். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்று ஒரு டாக்டர். ஊக்கு, பொத்தான், காசு, கொட்டை என்று ஜனங்கள், முக்கியமாகக் குழந்தைகள், விழுங்கிய சாமான்களைத் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்தவர். எடுத்த ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தி வைத்தார். 2,374 சாமான்கள்! பிலடெல்பியா நகரின் மியூட்டர் மியூசியத்தில் அவற்றை இழுப்பறை இழுப்பறையாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வீட்டில் துப்புரவுக்கு வைத்திருந்த காரத்தைக் குடித்துத் தொண்டை வெந்துபோன குழந்தைகள் அவரிடம் நிறைய வந்தார்களாம். அவர் வருஷக்கணக்காகப் போராடியதன் பலனாக, அந்த டப்பாக்களில் 'விஷம்' என்று எச்சரிக்கை அச்சிடவேண்டும் என்று 1927-ல் அமெரிக்காவில் சட்டமே வந்தது.

இதைக் கேட்டதும் என் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டுதான் என் கண் முன் வந்தது. ஆசிட் பாட்டில், பினாயில், எலி மருந்து... எல்லாம் தவழும் குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில்!

தவற்றைச் சொல்லும் மேடை

மதியம் நடந்ததைத்தான் நான் ஊர் வந்தும் மறக்க முடியவில்லை.

மூத்த டாக்டர்கள் நாலைந்து பேர் மேடை ஏறினார்கள். சாதனை எதையும் சொல்ல அல்ல. அவரவர் கையால் நடந்துபோன தவற்றைச் சொல்ல! நரைத்த தலை, பெரிய பெயர் உள்ள ஒருவர் எழுந்தார். பல வருஷங்களுக்கு முன் ஒரு காது ஆபரேஷன். சீழ் பிடித்து எலும்பு அரித்திருந்த காது. எலும்பு அரித்த இடத்தில் நரம்பு வழக்கமான இடத்தில் மூடியிருக்கவில்லை. இவர் கவனிக்கவில்லை. காலையில் கட்டுப் பிரிக்கும்போது அந்தப் பெண்ணால் ஒரு கண்ணை மூட முடியவில்லை.

"அவசரப்பட்டேன். அன்றைக்கு இன்னும் மூன்று கேஸ் இருந்தது. அதை நான் காரணமாகச் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு படத்தைத் திரையில் போட்டு, எந்த இடத்தில் நின்றிருக்கவேண்டும், என்ன அடையாளத்தைத் தேடியிருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அத்தனை பெரிய ஹாலில் ஒரு சத்தம் இல்லை. இளம் பிள்ளைகள் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கியபோது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

எனக்குத் தொண்டையை அடைத்தது. குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சகோதரிகளே, நாம் நம் தவறுகளை யாரிடம் சொல்கிறோம்? பால் பொங்கினால்கூட மாமியார் வருமுன் துடைத்துவிடுகிறோம். குழந்தை விஷயத்தில் நடந்த தவற்றை வாயைத் திறந்து சொல்வதே இல்லை. சொன்னால் 'இவள் ஒரு தாயா?' என்பார்களே என்ற பயம். அதனால் என்ன ஆகிறது? நான் செய்த அதே தவற்றை அடுத்த வீட்டுப் பெண்ணும் செய்கிறாள்.

அந்த டாக்டருக்கு இருந்த தைரியத்தில் பாதியாவது எனக்கு வேண்டாமா? என் தவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் மகன் கதை

என் மகன் 2002-ல் பிறந்தவன். அழகான குழந்தை, சிரித்த முகம். இரண்டு வயது ஆகியும் பேச்சு வரவில்லை. "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும். அவங்க தாத்தாவும் நாலு வயசிலேதான் பேசினார்" என்றார்கள். எனக்குள் ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் தட்டு விழுந்தால் திரும்புவான், நாய் குரைத்தால் பயப்படுவான், லாரி ஹாரன் கேட்டால் ஓடிவருவான். நானே அவன் முதுகுப்பக்கம் நின்று கை தட்டிப் பார்த்தேன். திரும்பினான். 'காது நல்லாத்தான் இருக்கு, பிடிவாதம்' என்று முடிவு கட்டி, இரண்டு அடிகூட வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பாலர் பள்ளியில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த டீச்சர்தான் காதைப் பார்க்கச் சொன்னார். அது 2006. அவனுக்கு மூன்றரை வயது முடிந்திருந்தது. பரிசோதனையில், தாழ்ந்த சுருதிச் சத்தம் ஓரளவு கேட்கிறது, உயர்ந்த சுருதிச் சத்தம் கேட்கவில்லை என்று தெரிந்தது. ஹாரனும் நாய்க்குரைப்பும் கேட்கும். பேச்சில் 'ஸ', 'ஷ' போன்ற மெல்லிய ஒலிகள் அவன் காதை எட்டவே இல்லை. எங்கள் பேச்சு முழுவதும் அவனுக்கு ஓட்டை விழுந்த சல்லடைத் துணி மாதிரி வந்து சேர்ந்திருக்கிறது. அதைக்கொண்டு அவன் என்ன பேசுவான்? கை தட்டியபோது அவன் திரும்பியதும், கையின் நிழலைப் பார்த்தோ, கழுத்தில் பட்ட காற்றாலோதான் இருக்கவேண்டும்.

இரண்டு காதுக்கும் கருவி வைத்தோம். பேச்சுப் பயிற்சிக்கு வருஷக்கணக்கில் அலைந்தோம். இப்போது டிப்ளமோ முடித்துக் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறான். கெட்டிக்காரன்தான். ஆனால் கூட்டத்தில் பேசத் தயங்குவான். 'ஸ' என்ற எழுத்து இன்றும் அவனுக்குச் சரியாக வராது. ஒரு வயதிலேயே கருவி வைத்திருந்தால்... இந்தக் கேள்வியோடுதான் நான் தினமும் படுக்கிறேன்.

ஆறு நிமிஷம்

சாயங்காலம் மகளின் முறை வந்தது. ஆறு நிமிஷம் பேசலாம், இரண்டு நிமிஷம் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். ஐந்தாவது நிமிஷத்தில் ஒரு மணி, ஆறாவதில் இன்னொரு மணி. அதற்கு மேல் மைக்கை நிறுத்திவிடுவார்களாம். கலியாணப் பேச்சாளர்களுக்கும் இந்த ஏற்பாடு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தலைப்பைத் திரையில் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று தாய்க்கு முதல் சந்தேகம் வந்த நாளுக்கும், முதல் பரிசோதனை நடந்த நாளுக்கும் நடுவே எத்தனை மாதம் வீணாகிறது? ஏன் வீணாகிறது? இதுதான் அவள் கட்டுரை. தன் ஆஸ்பத்திரிக்கு வந்த தாய்மார்களிடம் இரண்டு வருஷம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறாள். எனக்கு இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அட்டவணைகள் ஓடின. பிறகு தாய்மார்கள் சொன்ன காரணங்களை வரிசையாகப் போட்டாள். 'ஆண் பிள்ளை லேட்டாகப் பேசும் என்றார்கள்.' 'சத்தத்துக்குத் திரும்பினான்.' 'பிடிவாதம் என்று நினைத்தேன்.' ஒவ்வொன்றும் என் வாயிலிருந்து பிடுங்கியது போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாப்பா விழித்துக்கொண்டு வீல் என்று கத்தினாளே! அம்மாவின் குரல் மைக்கில் கேட்டுவிட்டதோ என்னவோ. நூறு தலைகள் திரும்பின. மேடையில் மகள் ஒரு நொடி நின்றாள். நான் வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். கதவைச் சாத்துமுன், "மன்னிக்கவும், அது என் மகள். பிறந்த மூணாம் நாளே பரிசோதனை முடிஞ்சது. காது நல்லாக் கேக்குது" என்று அவள் சொன்னதும், ஹாலே சிரித்ததும் என் காதில் விழுந்தன.

மீதியைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். நடுவர் கிடுக்கிப்பிடியாக ஏதோ புள்ளிவிவரக் கேள்வி கேட்டார். "அதை நான் தனியாகப் பார்க்கவில்லை சார், என் ஆய்வில் அது ஒரு குறை" என்றாள். மழுப்பவில்லை.

பரிசு வேறு ஒரு பையனுக்குப் போயிற்று. மகள் முகம் கொஞ்சம் வாடியதைக் கவனித்தேன். ஆனால் கட்டுரை முடிந்து வெளியே வந்தபோது, முன்பின் தெரியாத இரண்டு மாணவிகள் அவளிடம் வந்து, தாய்மார்களிடம் என்னென்ன கேள்வி கேட்டாள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். தங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் கேட்கப் போகிறார்களாம். பரிசை விட அது பெரிதாகப் பட்டது எனக்கு.

திரும்பி வரும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "கண்ணு, அந்தத் தாய்மார் கணக்கிலே நானும் இருக்கேனா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கணக்கிலே இல்லைம்மா. ஆனா கேள்வியெல்லாம் உன்கிட்டேயிருந்து வந்ததுதான். தம்பியைப் பத்தி நீ ராத்திரியிலே அப்பாகிட்டே அழுதது எனக்குக் கேக்காதுன்னா நினைச்சே?"

அதற்குப் பிறகு திண்டுக்கல் வரை நாங்கள் பேசவில்லை. குழந்தை மட்டும் என் அட்டையைச் சப்பிக்கொண்டு வந்தது.

மாநாட்டில் பொறுக்கிய முத்துக்கள்

ஹாலிலும் சாப்பாட்டு வரிசையிலும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை, மகளிடம் சரிபார்த்து எழுதுகிறேன்.

* பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை, சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது. 'ஒன்று, மூன்று, ஆறு' என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் குமிழை வைத்துச் சில நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள். வலி இல்லை.

* ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்பாவிட்டால், ஒரு வயதில் பெயரைச் சொன்னால் பார்க்காவிட்டால், ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராவிட்டால் காத்திருக்காதீர்கள். பிறந்தபோது பரிசோதனை சரியாக இருந்தாலும் மறுபடி பாருங்கள். கை தட்டி, தட்டைத் தட்டி நாமே முடிவு செய்யக் கூடாது.

* கருவி வைத்தும் போதாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற அறுவைச் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குள் இருக்கும் தகுதியுள்ள குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். வயது ஏற ஏறப் பலன் குறையும்.

* குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கிலோ காதிலோ எண்ணெய் விடுவதும், வாய் வைத்து ஊதுவதும் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடலாம்.

* படுக்கவைத்துப் பால் புகட்டாதீர்கள். தலை சற்று உயர்ந்திருக்கட்டும். குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழாய் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் காதில் சீழ் பிடிக்க இடம் உண்டு.

* நான்கு வயது வரை முழு நிலக்கடலை, பட்டாணி கொடுக்க வேண்டாம். சீத்தாப்பழ விதை, புளியங்கொட்டையும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். திடீரென்று புரையேறி இருமல் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

* பொம்மை, ரிமோட்டில் இருக்கும் வட்டப் பொத்தான் பாட்டரியை விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதம் கூடாது. இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அது பொசுக்கிவிடலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

* ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், குழந்தை எதையோ உள்ளே வைத்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். காதில் பயறு போனால் தண்ணீர் விடாதீர்கள். ஊறிப் பெருத்துவிடும்.

* மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. முன்னால் குனிந்து உட்காரவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் பிடியுங்கள்.

ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக ஆசிட் பாட்டிலையும் பினாயிலையும் பரணுக்கு மாற்றினேன். சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் விஷயத்தையும், அவனை அடித்ததையும் சேர்த்தே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க நாத்தனார் பேரனுக்கு ரெண்டு வயசாகப் போகுது. இன்னும் பேசக் காணோம். நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றேன்" என்றார்கள்.

அடுத்த மாநாடு எப்போது என்று மகளைக் கேட்டிருக்கிறேன். 'உடன் வந்தவர்' அட்டை பாப்பா சப்பியதில் ஓரம் நைந்துபோயிருக்கிறது. சமையலறை ஆணியில் காலண்டரோடு மாட்டி வைத்திருக்கிறேன்.